அத்தியாயம் 14: நாலு விரல் நீள வயர்

மோட்டல் அறை முழுக்க ஈரத்துணி தொங்கியது.

குளியலறைக் கம்பியில் இரண்டு சட்டை, நாற்காலி முதுகில் ஒரு கால்சட்டை, ஜன்னலுக்குக் கீழிருந்த ஹீட்டர் மேல் காலுறைகள். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி பூத்திருந்தது. வெளியே நின்ற லாரிகள் தெரியவில்லை.

ரைலி கால்சட்டையின் இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "காயல."

"கீழ டிரையர் இருக்கு. இருபது நிமிஷம்," என்றான் அவள் கணவன் ஒரெஸ்ட்.

"வேண்டாம்."

"நான் போட்டுட்டு பக்கத்துலயே நிக்கறேன். ஒரு அடி நகரமாட்டேன்."

"வேண்டாம்னு சொன்னேன்ல? ஈரத்தோடயே போட்டுக்கறேன்."

"வெளிய மைனஸ் இருபத்தெட்டு, ரைலி. வண்டிகிட்ட போறதுக்குள்ள உடம்போட ஒட்டி உறைஞ்சிடும்."

"உறையட்டும்."

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. தீப்பிடித்து அன்றோடு ஒன்பது நாள்.

முந்தின செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய், மதியம் இரண்டே காலுக்கு ரைலி டிரையரில் துண்டுகளையும் தன் சீருடைகளையும் போட்டு ஓடவிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மூன்று மணிக்கு ஷிஃப்ட். அவள் தம்பி ஆர்வோ காகித ஆலையில் இரவு வேலை முடித்து, அடித்தளத்தில் இருந்த தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர். புகை அலாரம் அலறியபோது அவன் மாடிப்படிக்கு ஓடவில்லை. டிரையர் கதவைத் திறந்து, எரிகிற துணிகளைக் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். தீயணைப்பு வீரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது. புகை குடித்துத் தொண்டை வீங்கி, எட்டு நாள் குழாய் வைத்து மூச்சு விட்டான். நேற்றுதான் எடுத்தார்கள்.

சென்ற வாரம் ஒரெஸ்டை மோட்டல் வாசலில், வண்டிக்குள், டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி விட்டுவிட்டு வந்தோம். காப்பீட்டுக் காகிதம் தேடியவன் கையில் ஒரு சின்ன உறை அகப்பட்டது. பிரிக்காத உறை. அதற்குள் இருந்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு மேலே வந்தான். ரைலியிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"காலுறையாவது குடு," என்றான் இப்போது. "காலுறைக்கு என்ன ஆகிடப் போகுது."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு காலுறைகளையும் கால்சட்டையையும் அள்ளி அவன் மார்பில் திணித்தாள். "நீ அங்கயே நிக்கணும்."

"நிக்கறேன்."

மோட்டலின் சலவை அறையில் டோரீன் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது, பருத்த உடம்பு, வாயில் எப்போதும் ஏதாவது மிட்டாய்.

ஒரெஸ்ட் துணியைப் போடுவதற்கு முன்னால், துணியிலிருந்து உதிரும் பஞ்சு தேங்கும் சல்லடையை உருவினான். கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தடிப்பு. சுருட்டி எடுத்தான். பிறகு டார்ச் அடித்துச் சல்லடை போகும் சந்துக்குள் பார்த்தான். பிறகு இயந்திரத்தை முன்னால் இழுத்து, பின்னால் சூடான காற்றை வெளியேற்றும் குழாயைத் தட்டிப் பார்த்தான். தகரக் குழாய். நேராகச் சுவருக்குள் போயிற்று.

"என்னப்பா, நீ இன்ஸ்பெக்டரா?" என்றாள் டோரீன்.

"இல்லைங்க."

"இல்ல, நீ பாக்கற பார்வை அப்படி இருக்கு. இங்க வர்ற லாரிக்காரன் ஒருத்தனும் அந்தப் பஞ்சை எடுக்கமாட்டான். கேட்டா, 'அப்படி ஒண்ணு இருக்கா'ன்னு என்னையே கேப்பான். வாரா வாரம் நான்தான் குழாயைக் கழட்டி உதறறேன். துணி காய நேரமாகுதுன்னா மெஷின் ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். ரெண்டு தடவை ஓட்டிக்கலாம்னு விட்டா அவ்வளவுதான்."

ஒரெஸ்ட் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினான். டிரம் சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடிக் கதவில் ரைலியின் காலுறைகள் எழும்பி எழும்பி விழுந்தன. இருபது நிமிடமும் அவன் அசையவில்லை.

சூடான காலுறையை வாங்கிக்கொண்டபோது ரைலி அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எரிந்த வாடை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. போட்டுக்கொண்டாள்.

"அம்மாவோட விமானம் நாலேகாலுக்கு," என்றாள். "உனக்குத்தானே மெசேஜ் பண்ணியிருக்காங்க. நீ போய்க் கூட்டிட்டு வந்துடு. என் முகத்தைப் பாத்தா அங்கயே ஆரம்பிச்சிடுவாங்க."

"நீயும் வாயேன்."

"எதுக்கு? எல்லாரும் பாக்க ஏச்சு வாங்கறதுக்கா?" கோட்டு ஜிப்பை மேலே இழுத்தாள். "அவங்க சொல்றதுலயும் தப்பு ஒண்ணும் இல்ல. 'ஆள் தூங்கறான், டிரையரை ஓட விட்டுட்டுப் போனியே'ன்னு கேட்டாங்க. போனேன்தானே?"

ஒரெஸ்ட் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். அங்கிருந்து அவர்களுடைய வீட்டுக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு லூசில் புஷார் வருவதாகச் சொல்லியிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய தீ ஆய்வாளர்.

வீடு வெளியிலிருந்து பார்த்தால் வீடாகத்தான் இருந்தது. பக்கவாட்டுச் சுவரில் மட்டும் தரையிலிருந்து மேல் ஜன்னல் வரை கறுப்பு நாக்கு ஒன்று நீண்டிருந்தது. தீயணைப்புத் தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து வழிந்த வாக்கிலேயே உறைந்து தொங்கியது.

லூசில் ஏற்கெனவே அடித்தளத்தில் இருந்தாள். தலையில் விளக்கு, முழங்காலில் திண்டு. டிரையரை அறை நடுவே இழுத்து, பின் தகட்டைக் கழற்றி வைத்திருந்தாள்.

"வாங்க, மிஸ்டர் மெல்னிக். படி கடைசில வழுக்கும், பாத்து."

அவன் படியிலேயே நின்றான். ஆர்வோவின் அறைக் கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை.

"போன வாரம் உங்க வீட்டம்மாகிட்ட பேசினேன்," என்றாள் லூசில். "என் தப்பு, என் தப்புன்னு அரை மணி நேரம் அழுதாங்க. பஞ்சை எடுத்தேனா இல்லையான்னே ஞாபகம் இல்லைன்னு சொன்னாங்க. நான் ஒண்ணு காட்டறேன்." அலமாரி இருந்த மூலையிலிருந்து ஒரு காபி டப்பாவை எடுத்தாள். வெளியெல்லாம் கரி. மூடியைத் திறந்தாள். உள்ளே பஞ்சு, அடுக்கடுக்காக. "ஒவ்வொரு தடவையும் எடுத்து இதுல போட்டிருக்காங்க. சல்லடையும் சுத்தமாதான் இருந்திருக்கு. அவங்க பக்கம் செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"ஆள் தூங்கறப்ப ஓட விட்டுட்டுப் போறது நல்ல பழக்கம் இல்லதான். ஊரே அப்படித்தான் பண்ணுது. ஆனா இது அதனால வந்தது இல்ல." தலை விளக்கை மேலே திருப்பினாள். கூரையடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, சதை போன முதுகெலும்பு மாதிரி, இரண்டு இடத்தில் தொய்ந்து தொங்கியது. "இங்க இருந்தது பிளாஸ்டிக் குழாய். எரிஞ்சுபோய்க் கம்பி மட்டும் நிக்குது. தகரக் குழாய்தான் போட்டிருக்கணும். யார் மாட்டினது?"

"நான்தான். ஆர்வோவுக்கு ரூம் கட்டினப்ப. உத்தரத்தைச் சுத்தி தகரத்தை வளைக்க முடியல."

"ம். தொய்வுல தண்ணி நின்னு, பஞ்சு ஈரமாகி அடைச்சிருக்கு. குழாய் சுவருக்கு வெளிய போற வாய்லயும் பனி. அங்க இருக்கற தகட்டு மூடி திறக்கவே இல்ல. இந்தக் குளிர்காலத்துல அதைப் போய்ப் பாத்தீங்களா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். நகராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவன் அவன். நவம்பர் முதல் இந்த ஊரின் பாதித் தெருக்களை அவன்தான் திறந்துவிடுகிறான். தன் வீட்டுப் பக்கச் சுவருக்குப் போனதில்லை.

"சரி. அடைச்சிருந்தாலும் பரவாயில்லைன்னுதான் இதுக்குள்ள ஒரு காவல்காரனை வெச்சிருக்காங்க." லூசில் குனிந்து, காற்றுப் பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள். "சூடு அளவு மீறினா இங்க இருக்கற ஃபியூஸ் தானா அறுந்துடும். மெஷின் நின்னுடும். திரும்ப ஓடாது. இங்க அது அறுந்துதான் இருக்கு. ஆனா மெஷின் ஓடியிருக்கு. எப்படின்னு நேத்து முழுக்க யோசிச்சேன்."

இடுக்கியால் எதையோ தூக்கிப் பிடித்தாள். நாலு விரல் நீளம்கூட இருக்காது. மேலுறை எரிந்துபோன செம்பு வயர். இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கி.

"இது கம்பெனில போட்டது இல்ல," என்றாள்.

ஒரெஸ்டுக்கு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று கண்முன் வந்து நின்றது.

டிரையர் திடீரென்று நின்றுபோயிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மாதமாகவே துணி காய இரண்டு ஓட்டம் பிடித்தது. அவன் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். ஃபியூஸில் வைத்துப் பார்த்த மீட்டரின் முள் அசையவில்லை. ஆர்வோ டார்ச் பிடித்திருந்தான்.

"ஃபியூஸ் போச்சு, மச்சான். அவ்வளவுதான் விஷயம்," என்றான் ஒரெஸ்ட்.

"ஏன் போச்சு?"

"பழசு. போயிடுச்சு."

"இல்ல, ஃபியூஸ்னா காரணம் இல்லாம போகுமா? எங்க மில்லுல ஒண்ணு போனா நாலு பேர் வந்து நின்னு ஏன்னு கேப்பாங்க."

"உங்க மில்லுல நாலு பேருக்கும் வேற வேலை இல்ல. டார்ச்சை நேராப் பிடி."

ஆர்வோ சிரித்தான். ரைலிக்கு மறுநாள் காலை சீருடை வேண்டும். புது ஃபியூஸ் தபாலில் வர ஒரு வாரம் ஆகும். ஒரெஸ்ட் ஒரு துண்டு வயரை வெட்டி, இரண்டு முனையிலும் கொக்கி அழுத்தி, ஃபியூஸைத் தாண்டிப் பாலம் போட்டான்.

"இது சரியா வருமா?" என்றான் ஆர்வோ.

"ஒரு வாரம்தானே. பார்ட் வந்ததும் மாத்திடுவேன்."

டிரம் சுற்றியது. படியில் ரைலி இரண்டு பீர் பாட்டிலோடு நின்று கைதட்டினாள். "என் புருஷன் கை பட்டா ஓடாதது எது?" என்றாள். அந்த வாரம் வேலை செய்யும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ஃபியூஸ் பன்னிரண்டாம் நாள் வந்தது. அவன் அதை வண்டியில் போட்டான். சனிக்கிழமை மாற்றலாம். அந்தச் சனிக்கிழமை பெரும்பனி. அடுத்த சனிக்கிழமை வேறு ஏதோ. டிரையர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற பொருளை யார் நினைக்கிறார்கள்?

"மிஸ்டர் மெல்னிக்?"

"நான்தான் போட்டேன்," என்றான்.

ஒன்பது நாளாகத் தொண்டையில் நின்றது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லூசில் வயரை ஒரு பையில் போட்டு, மேலே எழுதினாள்.

"திட்டுங்களேன்," என்றான்.

"திட்டறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல. பாத்ததை எழுதறதுதான் என் வேலை. கம்பெனி என்ன முடிவு எடுக்கும்னு எனக்குத் தெரியாது." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "அறிக்கை போக மூணு வாரம் ஆகும். ஒரு பிரதி உங்க வீட்டம்மா பேருக்கும் வரும். வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. அவங்க அதைத் தபால்ல படிக்கக்கூடாது."

மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் அவன் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். எல்லாவற்றிலும் 'ஆனா' என்ற வார்த்தை வந்தது. ரைலி, ஆனா நீயும். ரைலி, ஆனா பனி. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

ஆர்வோ சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் வெள்ளைக் கட்டுக்குள், தலையணை மேல். டாக்டர் நாலு நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். கை கட்டுக்குள் இருந்ததால் எழுதவும் முடியாது. தலையாட்டலாம், அவ்வளவுதான்.

கட்டிலோரம் ரைலி ரோஜா நிறக் கிரீம் பூசிய பெர்ஷியன் பன் ஒன்றை அவன் மூக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.

"திங்கத்தான் கூடாது. மோந்து பாக்கறதுக்கு யாரும் தடை போடலியே? நல்லா இழுடா. ஆங். மீதியை உன் சார்பா நான் தின்னுடறேன்."

ஆர்வோவின் தோள் குலுங்கியது. சிரிப்பு. பிறகு வலியில் முகம் சுருங்கியது.

"ஐயோ, சிரிக்காதே, சிரிக்காதே." ரைலி திரும்பி ஒரெஸ்டைப் பார்த்தாள். ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. "ஒரெஸ்ட், நான் கேட்டுட்டேன். காலைல வந்ததும் கேட்டுட்டேன். என் மேல கோபமாடான்னு. இல்லேன்னு தலையாட்டுனான். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் இல்லேன்னான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் மன்னிச்சிட்டான். எனக்கு அது போதும். அம்மா என்ன வேணா பேசட்டும்."

ஒரெஸ்ட் மச்சானைப் பார்த்தான். ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தக் கப்பைக் கழுவிட்டு, ஐஸ் வாங்கிட்டு வரேன்," என்று ரைலி வெளியே போனாள்.

அறையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான்," என்றான் ஒரெஸ்ட். "நவம்பர்ல... நீ டார்ச் பிடிச்ச. ஞாபகம் இருக்கா?"

ஆர்வோ தலையாட்டினான். இருக்கிறது.

"நீ அன்னைக்குச் சரியாதான் கேட்ட."

ஆர்வோ தன் கைக்கட்டுகளைப் பார்த்தான்.

"அவகிட்ட சொல்லிடட்டுமா?"

ஆர்வோ அவனை ரொம்ப நேரம் பார்த்தான். அவனால் சொல்லக்கூடிய பதில் இரண்டே இரண்டு. இரண்டையும் அவன் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

ரைலி ஐஸ் கிண்ணத்தோடு வந்தாள். "தூங்கிட்டானா?"

"இல்ல. ரைலி, உக்காரு."

"என்ன, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. வீட்டுல அந்த ஆய்வாளர் அம்மா சொன்னாங்க. நீ பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்க. டப்பால இருக்கு. சல்லடை சுத்தமா இருந்திருக்கு."

அவள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மெதுவாக.

"டிரையர்ல சூடு மிஞ்சினா அறுந்து மெஷினை நிறுத்தற ஃபியூஸ் ஒண்ணு உண்டு. நவம்பர்ல அதுதான் போச்சு. நான் அதை மாத்தல. வயரைப் போட்டு ஓட வெச்சேன். புது ஃபியூஸ் வந்துச்சு. அதையும் போடல. வண்டிலயே கிடக்குது. அன்னைக்கு அந்த மெஷின் தானா நின்னிருக்கணும். நிக்க விடாம பண்ணினது நான்."

ஒரு 'ஆனா'கூட இல்லாமல் சொல்லி முடித்தான்.

ரைலியின் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி தோள்கள் தளர்ந்தன.

"அப்போ... நான் இல்லையா?" என்றாள். குழந்தை கேட்பது போலிருந்தது.

"நீ இல்ல."

"நான் இல்லையா," என்றாள் மறுபடி, தனக்குத்தானே. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரைலி..."

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"முதல் நாளே. தீயணைப்புக்காரங்க டிரையர்னு சொன்னதுமே."

அவள் எழுந்து நின்றாள். "முதல் நாள் ராத்திரி அம்மா ஃபோன்ல என்னைக் கத்துனாங்க. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. 'என் பிள்ளையைக் கொன்னுட்டே'ன்னாங்க. நீ பக்கத்துல உக்காந்து எனக்கு ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தே."

"சொல்லணும்னுதான்..."

"உரிச்சு, கொட்டையெல்லாம் எடுத்து, சுளை சுளையா என் கைல குடுத்தே. சாப்பிடு, தெம்பா இருக்கும்னே." அவள் குரல் உயரவில்லை. "வயர் போட்டதுகூட எனக்குப் புரியுது ஒரெஸ்ட். என் யூனிஃபார்ம் காயணும்னுதான் போட்டே. நானும்தான் கை தட்டினேன். ஒன்பது நாள் எதுக்கு?"



ரைலி கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். ஆர்வோ கண்ணைத் திறந்திருந்தான்.

"நீதானே டார்ச் பிடிச்சே?"

அவன் தலையாட்டினான்.

"வயரைப் பாத்தே."

பார்த்தேன் என்று மறுபடி தலையாட்டினான்.

"காலைல நான் மூணு தடவை கேட்டப்ப, அப்பவும் உனக்குத் தெரியும். இல்லையா?"

ஆர்வோவின் உதடு அசைந்தது. கட்டுப் போட்ட கை தலையணையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. தொண்டையிலிருந்து உலர்ந்த ஒரு சத்தம் வந்தது. கருவி படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

"பேசாதே. பேசாதேடா. வேண்டாம்." ரைலி ஓடிப்போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணோரம் வழிந்தது. துடைக்க அவனுக்குக் கை இல்லை. அவளே துடைத்தாள். கோபத்தோடுதான் துடைத்தாள், அழுத்தி.

தாதி எட்டிப் பார்த்து, கருவியைச் சரிசெய்துவிட்டு, மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"மூணு மணி ஆச்சு," என்றாள் ரைலி, திரும்பாமலே. "அம்மாவைக் கூட்டிட்டு வா. இந்த அறைக்குள்ள அவங்க கால் வைக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. உன் வாயால. என்னால இதை இன்னொரு தடவை கேக்க முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது. போ."

விமான நிலையத்தில் கூட்டம் இல்லை. சட்பரியிலிருந்து வந்த சின்ன விமானத்தில் பதினெட்டுப் பேர். ரைலியின் அம்மா ஹில்க்கா கடைசியாக வந்தாள். இடுப்பில் அறுவை நடந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. டாக்டர் முந்தாநாள்தான் பயணத்துக்குச் சம்மதித்தார். கைத்தடியை ஊன்றி, இறுக்கிப் பின்னிய வெள்ளை முடியோடு நேராக நடந்தாள்.

"வாங்க, அத்தை."

"ஆர்வோ எப்படி இருக்கான்?"

"உக்காந்துட்டான். குழாய் எடுத்தாச்சு. பேசக் கூடாதுன்னிருக்காங்க."

"கடவுள் புண்ணியம்." சுற்றும் முற்றும் பார்த்தாள். "அவ எங்க? வர முகம் இல்லையாக்கும்?"

"ஆஸ்பத்திரில இருக்கா."

"அவகிட்ட சின்ன வயசுலேருந்து சொல்லிட்டு வரேன். எதையாவது பத்த வெச்சிட்டு வெளிய ஓடறது. இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, எல்லாம் இதேதான். ஃபோன் பண்ணிட்டே இருக்கா. என்னத்தை எடுத்துப் பேச? மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மான்னா போன கை வருமா?"

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்."

"வண்டில சொல்லு. நிக்க முடியல."

"இல்ல. இங்கயே சொல்லிடறேன். உக்காருங்க."

பெட்டிகள் வருகிற சுழல் பட்டைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. ஹில்க்கா தடியை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். அவன் அவளுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குழாய், பனி, ஃபியூஸ், வயர். அன்று ராத்திரி ஃபோனில் அவள் பேசியபோது தான் பக்கத்திலேயே இருந்ததையும் சொன்னான்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். தடியை அவள் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹில்க்கா அவனைப் பார்க்கவேயில்லை. சுழல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். அவளுடைய நீலப் பெட்டி மட்டும் இரண்டாவது சுற்று வந்தது.

"நான் அவளை என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் கடைசியில்.

"இருக்கு."

"சொல்லு."

"வேண்டாம், அத்தை."

"எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்தை விடாம." அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "அவ அழக்கூட இல்ல. 'ஆமாம்மா'ன்னா. 'ஆமாம்மா, நான்தான்'ன்னு சொன்னா."

ஒரெஸ்ட் பெட்டியை எடுக்கப் போனான்.

"விடு. எடுக்காதே."

"ஏன்?"

"சட்பரிக்குத் திரும்பிப் போற விமானம் எப்போ?"

"அத்தை, ஆர்வோ உங்களைப் பாக்கக் காத்திட்டிருக்கான்."

"ஆர்வோவைப் பாக்க முடியும். அவ பக்கத்துல உக்காந்திருப்பாளே." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நீ சொல்லு. நீதான் இன்னைக்கு முழிச்சிட்டு வந்திருக்கியே. எப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை. முழித்துவிட்டுத்தான் வந்தான். மறுபடி அங்கே போக அவனுக்கும் கால் வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு, அவனும் உட்கார்ந்தான்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நீலப் பெட்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவன் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ரைலி ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

'அம்மா வந்துட்டாங்களா?'

அவன் அதை ஹில்க்காவிடம் காட்டினான். அவள் படித்தாள். இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.